படத்தைச் சுற்றி என்ன நிறம்? எடிட்டிங் மென்பொருளில் இடைமுக நிறத்தை அமைக்கும் முறை

திரையில் பளிச்சென்று இருந்த கல்யாணப் படம் ஆல்பமாகி வந்ததும் இருட்டடித்துக் கிடக்கும். மாப்பிள்ளையின் தலைமுடி ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டது, பெண்ணின் அரக்குப் பட்டில் மடிப்பே தெரியவில்லை. பழி முதலில் படம் அச்சடித்த லேபுக்குப் போகும், அப்புறம் பேப்பருக்கு. பெரும்பாலும் குற்றவாளி மானிட்டரின் அளவுக்கு மீறிய வெளிச்சம்தான். அதற்கு அடுத்த இடத்தில் இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை: படத்தைச் சுற்றி மென்பொருள் பூசி வைத்திருக்கும் கறுப்பு.

ஃபோட்டோஷாப் 2012-ல் சிஎஸ்6 பதிப்போடு கருஞ்சாம்பலுக்கு மாறியது. கிம்ப் 2018-ல் 2.10 பதிப்போடு மாறியது. லைட்ரூம் முதலிலிருந்தே அப்படித்தான். பார்க்க நன்றாக இருக்கிறது, கண்ணும் கூசவில்லை, அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் இந்த அமைப்பு, திரையிலேயே பார்த்து முடித்துவிடும் படங்களுக்குப் பொருந்துகிற அளவுக்கு, வெள்ளைத் தாளில் அச்சாகப் போகும் படங்களுக்குப் பொருந்தாது.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைமுக நிறம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, மெனு, டூல்பார், பேனல் ஆகியவற்றின் நிறம். இது உங்கள் கண்ணின் சௌகரியத்துக்கு. இன்னொன்று, படத்தை ஒட்டி நாலு பக்கமும் தெரியும் வெற்றிடத்தின் நிறம். படத்தை நீங்கள் எப்படி எடைபோடுகிறீர்கள் என்பதில் கைவைப்பது இந்த இரண்டாவதுதான். பல மென்பொருள்களில் இரண்டையும் தனித்தனியே மாற்றலாம். தீம் எனப்படும் அந்த முதல் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

கண் ஏமாறுவதை நேரில் பாருங்கள்

ஐந்து நிமிட வேலை. 2000 × 1000 பிக்சலில், எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிறவெளி) அமைப்பில், 8 பிட்டில் ஒரு புதிய ஆவணம் திறங்கள். இடது பாதியில் 0, வலது பாதியில் 255 நிரப்புங்கள், அதாவது ஒரு பக்கம் முழுக்கறுப்பு, மறுபக்கம் முழுவெள்ளை. ஒவ்வொரு பாதியின் நடுவிலும் 300 × 300 பிக்சல் சதுரம் ஒன்று வரைந்து, இரண்டிலும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றுக்கும் 128 கொடுங்கள். இப்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கறுப்பில் இருக்கும் சதுரம் வெளிறித் தெரியும், வெள்ளையில் இருப்பது இருண்டு தெரியும். நிறத்தின் எண்ணைக் காட்டும் ஐட்ராப்பரை வைத்தால் இரண்டும் 128 என்றே காட்டும். காட்டிய பிறகும் கண் ஒத்துக்கொள்ளாது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. பாரிஸில் உள்ள கோபலான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பின் தோற்றத்தைக் கெடுக்கின்றன என்று கண்டுபிடித்து 1839-ல் விரிவாக எழுதினார். உங்கள் மென்பொருளில் படம் நூல் என்றால், சுற்றியுள்ள கறுப்பு பக்கத்து நூல்.

எடிட்டிங்கில் இது இரண்டு விதமாகக் கெடுக்கிறது. சுற்றுப்புறம் இருண்டிருந்தால் படம் இருப்பதைவிட வெளிச்சமாகத் தெரியும், அதனால் எக்ஸ்போஷரைக் குறைப்பீர்கள். அதே இருண்ட சுற்றுப்புறத்தில் படத்தின் கான்ட்ராஸ்ட் குறைவாகத் தெரியும், அதனால் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுவீர்கள். இந்த இரண்டாவதை பார்டில்சன், பிரெனெமன் என்ற இருவர் 1967-ல் அளந்து காட்டினார்கள். இருட்டரங்கில் ஓடும் சினிமாப் பிரிண்டுக்கு ஏறத்தாழ 1.5 காமா (கான்ட்ராஸ்ட்டின் அளவு) கொடுத்துக் கான்ட்ராஸ்ட்டை வேண்டுமென்றே ஏற்றி வைப்பதும் இதற்காகத்தான். எக்ஸ்போஷரை இறக்கி, கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றி, அதை வெள்ளைத் தாளில் அச்சடித்தால் முதல் பத்தியில் சொன்ன ஆல்பம் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. பின்னணியின் வெளிச்சத்துக்கு நெருக்கமான டோன்களுக்கு (வெளிச்ச அளவுகளுக்கு) இடையேதான் கண் நுணுக்கமாக வித்தியாசம் காணும். சுற்றிலும் கறுப்பு இருந்தால் 8-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் திரையில் துல்லியமாகத் தெரியும். நிழலில் விவரம் இருக்கிறது என்று நம்பி விட்டுவிடுவீர்கள். தாளில் இரண்டும் ஒன்றாகி மூடிக்கொள்ளும்.

119 என்ற எண்

கறுப்புக்கும் வெள்ளைக்கும் கண்ணளவில் நடுவே இருக்கும் சாம்பல்தான் நமக்கு வேண்டும். கண் உணர்வதை ஒட்டி நிறத்தை அளக்கும் லேப் (L*a*b*) நிறவெளியில், 0 முதல் 100 வரை போகும் வெளிச்ச அளவில் அது 50. எஸ்ஆர்ஜிபி-யில் அது மூன்று சானலுக்கும் 119, ஹெக்ஸில் 777777. புகைப்படக்காரர்கள் வெளிச்சம் அளக்க வைத்திருக்கும் 18 சதவீத கிரே கார்டும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் நிற்கும். 128 நடுவில் இருக்கிறது என்று நினைத்து அதை வைப்பவர்கள் உண்டு. பெரிய பாதகமில்லை, கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும்.

ஃபோட்டோஷாப்

கன்ட்ரோல் + கே அழுத்தினால் பிரிஃபரன்சஸ் திறக்கும், மேக்கில் கமாண்ட் + கே. அதில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போங்கள். மேலே கலர் தீம் என்று நாலு சதுரம் இருக்கும். பேனல்களின் மதிப்பு ஏறத்தாழ 50, 83, 184, 240. இவற்றைக் கண்ணளவு வெளிச்சத்துக்கு மாற்றிப் பார்த்தால் 21, 35, 75, 95 என்று வரும். நமக்கு வேண்டிய வெளிச்ச அளவு 50 இந்த இரண்டாவது வரிசையில் இல்லவே இல்லை! இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஒரே தாவல். அதனால்தான் தீம் நிறத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை என்கிறோம்.

தீமுக்கு இரண்டாவது சதுரம், அதாவது 83, நாள் முழுக்க வேலை செய்யத் தோதானது. ஆனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சிலருக்கு, முக்கியமாகச் சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கு, விளிம்பு பூத்து மங்கலாகத் தெரியும். அவர்கள் யோசிக்காமல் மூன்றாவதுக்குப் போகலாம். அதற்குக் கீழே ஹைலைட் கலர் நீலமாக இருந்தால் டீஃபால்ட்டுக்கு மாற்றுங்கள். ஷோ சேனல்ஸ் இன் கலர் என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பார்டர் என்ற பத்தியில் டிராப் ஷேடோ இருந்தால் அதையும் எடுங்கள். படத்தில் இல்லாத ஒரு நிழல் ஓரத்தில் தெரிவது விளிம்பை எடைபோட உதவாது.

இனி முக்கிய வேலை. ஒரு படத்தைத் திறந்து, கன்ட்ரோலும் கழித்தல் குறியும் சேர்த்து அழுத்திச் சிறிதாக்குங்கள், நாலு பக்கமும் வெற்றிடம் தெரிய வேண்டும். அந்த வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்தால் ஒரு சின்ன மெனு வரும். அதில் செலக்ட் கஸ்டம் கலர் என்பதை எடுத்து, ஆர், ஜி, பி மூன்றிலும் 119 அடித்து ஓகே கொடுங்கள். கிளிக் படத்தின் மேல் விழுந்தால் பிரஷ் பெட்டியோ வேறு மெனுவோ வரும், கொஞ்சம் தள்ளி மறுபடி கிளிக் செய்யுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். இந்த நிறம் நீங்கள் இருக்கும் ஸ்கிரீன் மோடுக்கு மட்டும்தான் பொருந்தும். எஃப் விசையை அழுத்த அழுத்த மூன்று மோடுகள் சுழன்று வரும்: சாதாரண ஜன்னல், மெனுவோடு கூடிய முழுத்திரை, எதுவுமில்லாத முழுத்திரை. மூன்றாவதில் தொடக்கத்தில் கறுப்புதான் இருக்கும். இன்டர்ஃபேஸ் பகுதியிலேயே மூன்று மோடுக்கும் தனித்தனி நிறம் வைக்க வரிசை இருக்கிறது, அங்கே ஒரே மூச்சில் மூன்றையும் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் சாம்பலில் எடிட் செய்துவிட்டு, எஃப் தட்டிக் கறுப்பில் பார்த்து, மறுபடி எக்ஸ்போஷரைக் குறைக்கும் வேலை நடக்கும்.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். கன்ட்ரோல் + 0 அழுத்திப் படத்தை ஜன்னல் முழுக்க நிரப்பி வைத்தால் சாம்பலுக்கு இடமே இருக்காது, படத்தை ஒட்டிப் பேனல்கள்தான் நிற்கும். டோன் சம்பந்தப்பட்ட முடிவு எடுக்கும்போது படம் திரையில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு இடத்தை எடுத்துக்கொண்டால் போதும். தோலைத் துடைப்பது, தூசி எடுப்பது போன்ற வேலைகளுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், அங்கே சுற்றுப்புறம் ஒன்றும் செய்யாது.

அச்சுக்குப் போகும் படமென்றால் கடைசியில் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். படத்தை டூப்ளிகேட் செய்து, லேயர்களை ஃபிளாட்டன் ஆக்கி (ஒன்றாகச் சேர்த்து), இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸ் திறங்கள். ரிலேட்டிவ் பெட்டியில் டிக் போட்டு, அகலம், உயரம் இரண்டிலும் 10 சதவீதம் கொடுத்து, நீட்டிப்பு நிறமாக வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை ஓரத்துக்கு நடுவில் படத்தைப் பார்த்தால் முகம் திடீரென்று கறுத்துப்போனது போல் தோன்றும். ஓரிரு நிமிடம் பொறுங்கள், கண் பழக நேரம் கொடுங்கள். அப்போதும் கறுப்பாகவே தெரிந்தால் படம் உண்மையிலேயே கறுப்பு. வெள்ளைக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் ஃபிளாட்டன் செய்ய மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

லைட்ரூம் கிளாசிக்

இதில் வெளிர் தீமே கிடையாது, பேனல்களின் கருமை போகாது. படத்தின் சுற்றுப்புறத்தை மட்டும் மாற்றலாம். டெவலப் என்ற எடிட்டிங் பகுதியில் படத்துக்கு வெளியே ரைட் கிளிக் செய்தால் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை வரிசையாக வரும். மீடியம் கிரே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எண் அடித்து வைக்க வழியில்லை, கொடுத்ததில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

பேனல்களை ஒதுக்குவது இதில் சுலபம். டேப் அழுத்தினால் இரண்டு பக்கப் பேனலும் மறையும், ஷிஃப்ட் + டேப் அழுத்தினால் மேலே கீழே உள்ளவையும் மறையும். எல் விசை லைட்ஸ் அவுட்: ஒருமுறை தட்டினால் சுற்றிலும் மங்கும், இன்னொருமுறை தட்டினால் படம் மட்டும் நிற்கும், மூன்றாவது தட்டில் பழையபடி திரும்பும். தொடக்க அமைப்பில் இது கறுப்புக்குள் மங்கும். பிரிஃபரன்சஸ் ஜன்னலின் இன்டர்ஃபேஸ் டேபில் லைட்ஸ் அவுட் என்ற பகுதி இருக்கும், அங்கே ஸ்கிரீன் கலரைச் சாம்பலாக்கினால் எல் விசை உண்மையிலேயே உபயோகமான சாதனமாகிவிடும்.

எஸ் விசை சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது. அதை அழுத்தியதும் சுற்றுப்புறம் தானாக வெள்ளையாகும். ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து உடனே வெளியே வந்துவிடாதீர்கள், தாளின் வெள்ளையை நினைத்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் படத்தின் ஷேடோஸ் ஸ்லைடரை இறுதியாகத் தொட வேண்டிய இடமே இதுதான்.

கிம்ப்

எடிட் > பிரிஃபரன்சஸ் > இன்டர்ஃபேஸ் > தீம். 2.10-ல் டார்க், கிரே, லைட், சிஸ்டம் என்று நாலு தீம் இருக்கும். 3.0-ல் ஒரே தீமுக்குள் டார்க், கிரே, லைட் என்று நிற வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கிரே எடுத்தால் பேனலே நடுச்சாம்பலை நெருங்கிவிடும், இந்த வசதி ஃபோட்டோஷாப்பில் இல்லை. ஐகான்களில் சிம்பாலிக் வகையை வைத்துக்கொள்ளுங்கள். வண்ண ஐகான்கள் கண்டுபிடிக்கச் சுலபம்தான், ஆனால் நிறத் திருத்தம் செய்யும்போது ஓரக்கண்ணில் சிவப்பும் பச்சையும் மினுங்கிக்கொண்டே இருக்கும்.

சுற்றுப்புறத்துக்கு வியூ > பேடிங் கலர் > கஸ்டம் கலர். ஹெச்டிஎம்எல் பெட்டியில் 777777 அடித்தால் போதும். ஆனால் இது திறந்திருக்கும் அந்த ஒரு படத்துக்குத்தான். அடுத்த படத்தைத் திறந்தால் பழைய நிறமே வரும், அப்போது கிம்ப் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்று அலுத்துக்கொள்வார்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் பிரிஃபரன்சஸில் இமேஜ் விண்டோஸ் > அப்பியரன்ஸ் பகுதியில் கேன்வாஸ் பேடிங் மோடைக் கஸ்டம் ஆக்குங்கள். அங்கே சாதாரண ஜன்னலுக்கு ஒன்று, எஃப்11 முழுத்திரைக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும்.

டார்க்டேபிள், அஃபினிட்டி ஃபோட்டோ

இந்த விஷயத்தை டார்க்டேபிள் அளவுக்கு யோசித்துச் செய்த மென்பொருள் வேறு இல்லை என்றே சொல்லலாம். பெயரில்தான் இருட்டு. மேலே உள்ள பற்சக்கர ஐகான், ஜெனரல் டேப், தீம். எலிகன்ட் கிரே என்பதை வைத்துக்கொள்ளுங்கள். டார்க்ரூம் என்ற எடிட்டிங் பகுதியில் கன்ட்ரோல் + பி (B) தட்டினால் படம் சுருங்கி, அதைச் சுற்றி வெள்ளைச் சட்டம், அதற்கு வெளியே நடுச்சாம்பல் என்று வந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பில் ஃபிளாட்டன், கேன்வாஸ் சைஸ் என்று சுற்றி வளைத்துச் செய்ததை இது ஒரே தட்டில் செய்கிறது. எக்ஸ்போஷர் மாட்யூலைத் தொடும் முன் இதைப் போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

அஃபினிட்டி ஃபோட்டோ 2-ல் செட்டிங்ஸ் > யூசர் இன்டர்ஃபேஸ். பேக்கிரவுண்ட் கிரே லெவல் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். 119 நிரப்பிய ஆவணம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆவணத்தின் விளிம்பு கரைந்து மறையும்வரை ஸ்லைடரை நகர்த்துங்கள். மோனோக்ரோமேட்டிக் ஐகானோகிராஃபி பெட்டியில் டிக் போடுங்கள்.

இந்த விளிம்பு மறையும் சோதனை எல்லா மென்பொருளிலும் செய்து பார்க்கத் தக்கது. படத்தை மென்பொருள் மானிட்டர் புரொஃபைல் (மானிட்டரின் நிறத்தைச் சரிக்கட்டும் கோப்பு) வழியாக அனுப்பும். இடைமுகத்தை அப்படி அனுப்பாமலும் இருக்கலாம். அதனால் இரண்டுக்கும் 119 கொடுத்தும் விளிம்பு தெரிந்தால் குழம்ப வேண்டாம். வெளிச்சத்தில் மட்டும் சின்ன வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். சுற்றுப்புறம் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாய்ந்தால், மானிட்டரின் சொந்த நிறமே சாய்ந்திருக்கிறது என்று பொருள். அதன் மெனுவில் கலர் டெம்பரேச்சரை 6500 கெல்வினுக்கு வைத்து மறுபடி காலிபிரேட் செய்ய வேண்டும்.

சாம்பல் பொருந்தாத இடங்கள்

விற்பனைத் தளத்துக்கான பொருள் படங்களில் பின்னணி சுத்தமான 255 ஆக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது சுற்றுப்புறத்தைத் தற்காலிகமாக 255 ஆக்குங்கள். படத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் போனால் பின்னணி சுத்தம். எங்காவது ஒரு மூலையில் கோடு தெரிந்தால் அங்கே 250, 252 என்று அழுக்கு மிச்சமிருக்கிறது. கறுப்புத் துணியில் வைத்து எடுத்த நகைப் படத்துக்கு இதையே 0 வைத்துச் செய்யலாம். கண்ணை மட்டும் நம்பாமல் இன்ஃபோ பேனலிலும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டு அறையில் புரொஜெக்டரில் காட்டப் போகும் படத்தொகுப்பை இருண்ட சுற்றுப்புறத்தில் எடிட் செய்வதுதான் முறை, அங்கே 119 தப்பு. போனில் பார்க்கும் படங்களுக்கு ஆப் டார்க் மோடிலும் இருக்கலாம், வெள்ளையிலும் இருக்கலாம். சாம்பலில் முடித்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒருமுறை மாற்றிப் பார்த்தால் போதும். மல்லிகைப்பூவும் வெள்ளை வேட்டியும் உள்ள படங்களை மட்டும் வெள்ளைச் சுற்றுப்புறத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கறுப்பில் ஜொலித்த பூ, வெள்ளைக்கு நடுவில் அழுக்குச் சாம்பலாக இருப்பது அங்கேதான் வெளிப்படும்.

மென்பொருளுக்கு வெளியே இருப்பவை

இவ்வளவும் செய்துவிட்டு நைட் லைட்டை ஓட விட்டால் எல்லாம் வீண். விண்டோஸில் செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிஸ்ப்ளே பகுதியில் நைட் லைட், மேக்கில் டிஸ்ப்ளேஸ் பகுதியில் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் மூன்றும் அணைந்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் எடிட் செய்த படங்கள் மட்டும் நீலமாக வருகின்றன என்றால் இதுதான் காரணம்: திரை மஞ்சளாகியிருக்கும், நீங்கள் அதை நீலம் சேர்த்துச் சரிக்கட்டியிருப்பீர்கள். மேக்கில் அப்பியரன்ஸ் பகுதியில் ஆக்சென்ட் கலரைக் கிராஃபைட் ஆக்கி, வால்பேப்பர் நிறம் ஜன்னல்களில் படிய அனுமதிக்கும் பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள். வால்பேப்பரும் வெறும் சாம்பலாக இருக்கட்டும். சாமி படம் வேண்டுமென்றால் மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

மானிட்டர் வெளிச்சம்தான் முதல் குற்றவாளி என்று தொடக்கத்திலேயே சொன்னோம். அச்சு வேலைக்குத் திரை வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் வசதி. பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் பலவும் இதற்கு இரண்டு மூன்று மடங்கு வெளிச்சத்தில் எரியும். அந்த நிலையில் சுற்றுப்புறத்துக்கு என்ன சாம்பல் வைத்தாலும் ஆல்பம் இருட்டாகத்தான் வரும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் மானிட்டர், பிறகு நைட் லைட், அதன்பின் 119. அறையின் விளக்கை முழுவதும் அணைக்க வேண்டாம், இருட்டறையும் ஒரு கறுப்புச் சுற்றுப்புறம்தான். திரைக்குப் பின்சுவரில் மங்கலான வெள்ளை விளக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஜன்னல் வெயில் திரையில் நேராக விழக்கூடாது.

பழைய படங்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். கறுப்பில் எடிட் செய்த எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டியதில்லை. அச்சுக்குப் போகாதவை அப்படியே இருக்கட்டும். அச்சுக்குப் போகவிருப்பவற்றில் நாலைந்தை மட்டும் புதிய சாம்பலில் திறந்து, எவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால், லைட்ரூமில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போஷரை மட்டும் ஒரே அளவில் ஏற்றிவிடலாம். அடுத்து, ஒரு படத்தை 4 × 6 அங்குலத்தில், லேபில் ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லி அச்சடித்து வாங்கிப் பார்த்த பிறகே ஆல்பத்துக்கு அனுப்புங்கள்.

ஃபோட்டோஷாப் மக்கர் பண்ணும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு திறந்து பிரிஃபரன்சஸை ரீசெட் செய்வது எல்லோருக்கும் வழக்கம். அதில் இந்த 119-ம் சேர்ந்து போய்விடும், எந்த அறிவிப்பும் வராது. ரீசெட் செய்த அன்று முதல் வேலையாக எஃப் விசையை மூன்று முறை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.